எல்லோருக்கும் மூச்சு 20

வடசென்னையில் செவிலியர் மாணவிகளுக்கு வார்டில் பாடம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு காலை, ஆண்கள் வார்டில் சார்ட்டுகளைப் புரட்டிக்கொண்டே போனேன். நாடித்துடிப்பு ஆளுக்கு ஆள் மாறியிருந்தது. மூச்சு எண்ணிக்கை மட்டும் முதல் கட்டிலிலிருந்து கடைசிக் கட்டில் வரை 20. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. அதனால் 20 என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

மூலைக் கட்டிலில் காசிமேட்டுத் தாத்தா ஒருவர், மடியில் தலையணையை வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பேச்சு இரண்டு இரண்டு வார்த்தையாகத்தான் வந்தது. நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு (எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சின் வேகம் மாறிவிடும்) ஒரு முழு நிமிடம் எண்ணினேன். 34. உடனே டாக்டரை அழைத்தோம்.

எழுதியவள் இரண்டாம் ஆண்டு மாணவி. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதும் அழுதுவிட்டாள். “ரவுண்ட்ஸுக்குள்ள எல்லாம் முடிக்கணும் மேம். சீனியர் அக்காங்களும் இருபதுதான் போடுவாங்க.”

“எண்ணாம எழுதுறது தப்புன்னு தெரியுமா?”

“தெரியும் மேம்.”

அந்தத் ‘தெரியும்’தான் இன்றுவரை என்னை விடவில்லை. விளக்கேற்றும் விழாவில், செவிலியர்கள் எடுக்கும் நைட்டிங்கேல் உறுதிமொழியைத் தடுமாறாமல் சொன்ன பெண் அவள். காலியான கட்டத்துக்குத் திட்டு விழும், நிரம்பிய சார்ட்டை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பதை அவள் முதல் வருடத்திலேயே கற்றுக்கொண்டிருந்தாள். அப்படித் திட்டியவர்களில் நானும் ஒருத்தி.

ஜேம்ஸ் ரெஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் அறநடத்தையை நான்காகப் பிரித்தார். இதில் ஒருவருக்குத் தீங்கு நேரலாம் என்பது கண்ணில் பட வேண்டும். எது சரி என்று முடிவெடுக்க வேண்டும். மற்றதையெல்லாம்விட அதை முன்னால் வைக்க வேண்டும். அப்புறம், எதிர்ப்பு வந்தாலும் செய்து முடிக்க வேண்டும். நம் தேர்வுத்தாள் இரண்டாவதை மட்டும்தான் சோதிக்கிறது. என் மாணவி தடுக்கி விழுந்தது மூன்றாவதிலும் நான்காவதிலும்.

அன்று அவளைத் தாத்தா பக்கத்தில் உட்காரவைத்து எண்ணச் சொன்னேன். பழைய பதிவை ஒற்றைக் கோட்டால் அடித்து, நேரம் போட்டு, கையெழுத்திட்டு, சரியான எண்ணை எழுதினாள். ஒயிட்னர் கூடாது, தவறும் படிக்கும்படி இருக்க வேண்டும். வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் அவளே போய்ச் சொன்னாள், நான் பக்கத்தில் நின்றேன். சிஸ்டர் கோபப்பட்டார்கள், நியாயம்தான். ஆனால் மாணவியைத் தனியாக அனுப்பியிருந்தால் அடுத்த முறை எல்லோருக்கும் ஒரே எண் போடாமல் 18, 20, 22 என்று மாற்றி மாற்றி எழுதியிருப்பாள். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

இப்போது என் மாணவிகளிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: எடுக்க முடியாவிட்டால் ‘எடுக்கவில்லை’ என்று காரணத்தோடு எழுது, நான் திட்ட மாட்டேன். முதல் வாரங்களில் அப்படி நிறைய வந்தன. அதைப் பார்த்த பிறகுதான் இரண்டு மாணவிகளுக்கு எத்தனை கட்டிலைப் பார்க்கக் கொடுக்கிறோம் என்று நாங்களே உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

நோயாளியின் ரகசியம் காப்பதும் இப்படித்தான், தெரிந்தும் தவறிவிடுகிறோம். ஒருவரின் எச்.ஐ.வி. நிலையைச் சம்மதமில்லாமல் வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மாணவிகள் அதை ஒப்பிப்பார்கள். டியூட்டி முடிந்து எண்ணூர் பஸ்ஸில் தோழியிடம் “அந்த ஆறாம் பெட்டு...” என்று தொடங்கும்போது சட்டம் ஞாபகத்துக்கு வராது. நம் பகுதியில் பின் சீட்டில் இருப்பவர் அந்த நோயாளியின் சித்தியாகவே இருக்கலாம்.

வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு மாணவி வந்து “நான் பார்க்கவில்லை சிஸ்டர்” என்று சொன்னால், “சரி, வா, இப்போ எண்ணலாம்” என்று முதலில் சொல்லுங்கள். கண்டிப்பதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.