நின்றது அம்மாவின் மெடிக்கெய்ட், பிள்ளையுடையது அல்ல

போன வாரம் ஆறு வயதுப் பையன் ஒருவனை எங்கள் க்ளினிக்குக்குத் தூக்கி வந்தார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளின் நடுவே தோல் உள்வாங்கியது. அவன் கையில் இருந்த இன்ஹேலரைத் திருப்பிப் பார்த்தேன். மீதி மருந்தின் எண்ணிக்கை 000. ஆறு வாரமாகப் புதிதாக வாங்கவில்லையாம். ஏன் என்று கேட்டதற்கு அவன் அம்மா, இன்ஷூரன்ஸ் நின்றுபோய்விட்டது என்று ஒரு கடிதத்தை நீட்டினார்.

கடிதத்தில் ஒரே பெயர்தான் இருந்தது, அம்மாவின் பெயர். பையனின் எண்ணைக் கணினியில் போட்டுப் பார்த்தோம். அவனுடைய மெடிக்கெய்ட், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ இன்ஷூரன்ஸ், ஒருநாள்கூட நிற்கவில்லை.

அமெரிக்காவில் குழந்தை மருத்துவம் பார்க்கிறேன். இதே கதையை இந்த வருடம் நான்காவது முறையாகக் கேட்கிறேன். 2024 ஜனவரி 1 முதல் 50 மாநிலங்களுக்கும் பொதுவாக ஒரு சட்டம் இருக்கிறது. 19 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை மெடிக்கெய்ட்டிலோ சிப்பிலோ (CHIP, மெடிக்கெய்ட் வரம்பைச் சற்றுத் தாண்டிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கான அரசு இன்ஷூரன்ஸ்) ஒருமுறை சேர்த்துவிட்டால் 12 மாதம் நீக்கக் கூடாது. நடுவில் அப்பாவுக்குச் சம்பளம் ஏறினாலும், அம்மா ஓவர்டைம் பார்த்தாலும் அது தொடரும். 19 வயது ஆவது, வேறு மாநிலத்துக்குக் குடிபோவது, பெற்றோரே வேண்டாம் என்று சொல்வது மாதிரி சில விதிவிலக்குகள்தான் உண்டு. தயவுசெய்து நீங்களாகப் போய் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

‘எனக்கு நின்றால் பிள்ளைக்கும் நின்றது’ என்ற நினைப்பு எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை. ரேஷன் கார்டு போல வீட்டுக்கு ஒன்று என்று இதை எண்ணாதீர்கள். தகுதியை ஆளாளுக்குத் தனியாகப் பார்க்கிறார்கள். மெடிக்கெய்ட்டை இன்னும் அதிகமான பெரியவர்களுக்கு விரிவாக்கிய மாநிலங்களில் பெரியவர்களுக்கு வருமான வரம்பு வறுமைக்கோட்டின் 138 சதவீதம். பிள்ளைகளுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் 200 சதவீதமோ அதற்கு மேலோ. அந்த அம்மாவின் சம்பளம் முதல் வரம்பைத் தாண்டியது, இரண்டாவதன் பக்கமே போகவில்லை. அரசுக் கணினிகளே இதில் தவறியிருக்கின்றன. 2023-ல் சுமார் 30 மாநிலங்கள் குடும்பத்தை மொத்தமாகக் கணக்கிட்டுத் தகுதியுள்ளவர்களையும் நீக்கிவிட்டு, பிறகு குழந்தைகள் உட்பட ஏறக்குறைய 5 லட்சம் பேரைத் திரும்பச் சேர்க்க வேண்டிவந்தது.

சரி, 12 மாதம் முடிந்ததும்? அங்கேதான் கவனம் வேண்டும். தானாகவே நீளும் என்று இருந்துவிடாதீர்கள். கொரோனாவுக்காக 2020-ல் வந்த ‘யாரையும் நீக்காதே’ என்ற நிபந்தனை 2023 மார்ச் 31-ல் முடிந்தது. அதன்பின் இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் நீக்கப்பட்டார்கள். அவர்களில் பத்தில் ஏழு பேர் வெளியே போனது படிவம் திரும்பவில்லை, கடிதம் போய்ச் சேரவில்லை என்ற காரணங்களால்தான். அவர்களுக்குத் தகுதி இல்லை என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை.

வீடு மாறினால் அந்த வாரமே முகவரியைச் சொல்லுங்கள். வரும் கடிதத்தைப் பிரியுங்கள், யார் பெயர் என்று பாருங்கள். பல மாநிலங்களில் மெடிக்கெய்ட் என்ற பெயரே அதில் இருக்காது. கலிஃபோர்னியாவில் மெடி-கால், விஸ்கான்சினில் பேட்ஜர்கேர், ஓக்லஹோமாவில் சூனர்கேர். படிவம் அனுப்பாததால் நீக்கப்பட்டிருந்தால் 90 நாளுக்குள் அனுப்புங்கள், புதிய விண்ணப்பம் தேவையில்லை. அதையும் தவறவிட்டீர்களா, வருடத்தில் எந்த நாளிலும் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

பெரியவர்களுக்கு இன்னொன்று. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, விரிவாக்கத்தில் சேர்ந்த பெரியவர்களுக்கு 2026 முடிவிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதி பார்ப்பார்கள். அதாவது அம்மா அப்பாவுக்கு ‘நின்றது’ என்ற கடிதம் இனி அடிக்கடி வரும். பிள்ளைகளுக்கான 12 மாதம் அப்படியேதான் இருக்கிறது.

அப்படியொரு கடிதம் வந்தால், மருந்தை நிறுத்துவதற்கு முன் எங்களுக்கு ஒரு போன் போடுங்கள். பிள்ளையின் எண்ணைப் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்தப் பையனுக்கு அன்று மாலையே ஃபார்மசியில் இன்ஹேலர் கிடைத்தது, அதே பழைய கார்டில்.