காட்டு ஓடையும் மீனும்: படிவம் பி மட்டும் கொடுத்து ஏமாந்துவிடாதீர்கள்

காட்டு ஓடையில் மீன் பிடித்ததற்காக வலையைப் பறிகொடுத்து, அபராதமும் கட்டிவிட்டு வந்த பழங்குடி மக்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த மீன்மீது சட்டமே உரிமை தந்திருக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அதே ஓடையில் தடுப்பணை கட்டும்போது மட்டும் அவர்களைத் தேடிப் போய், "மக்கள் பங்கேற்பு" என்று கையெழுத்து வாங்குவார்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2006 வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(1)(டி), நீர்நிலைகளின் மீனைச் சமூக உரிமை என்கிறது. பிரிவு 3(1)(ஐ), ஊரின் பாரம்பரிய எல்லைக்குள் இருக்கும் காட்டைக் காக்கவும் மீட்டெடுக்கவும் நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. நீராதாரங்களையும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் காக்கும் அதிகாரம் பிரிவு 5-இன்படி கிராம சபைக்கு உண்டு. காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் 2008-இல் வந்த உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது முடங்கிக் கிடந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிய பிறகுதான் வழி திறந்தது.

முதல் பொறி படிவத்திலேயே இருக்கிறது. படிவம் ஏ தனிநபர் நிலத்துக்கு. படிவம் பி, மீன் பிடிக்க, மேய்க்க, தேன், கிழங்கு போன்ற சிறு வன மகசூல் சேகரிக்க. படிவம் சி-தான் காட்டை நிர்வகிக்கும் உரிமைக்கு. பல இடங்களில் படிவம் பி-யை மட்டும் வாங்கிக்கொண்டு "எல்லாம் இதிலேயே அடங்கும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அடங்காது. பி மட்டும் இருந்தால் ஓடையில் மீன் பிடிக்கலாம், அவ்வளவுதான். அந்த ஓடையில் எங்கே அணை வரும், எங்கே வரக்கூடாது என்று உரிமையோடு பேச படிவம் சி வேண்டும். இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். படிவம் இலவசம். ஊரின் வன வரைபடம், வருவாய் வரைபடம், வாக்காளர் பட்டியல் ஆகியவற்றைக் கிராம சபைக்குத் தர வேண்டியது கோட்டாட்சியர் தலைமையிலான உட்கோட்டக் குழுவின் கடமை.

"மீன் பிடிப்பதும் வேட்டைதானே, வேட்டைக்கு உரிமை இல்லையே" என்று ஒரு பதில் வரும். வேட்டைக்கு உரிமை இல்லை என்பது உண்மை. ஆனால் மீனை 3(1)(டி)-யில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் கையில் வைத்திருங்கள். வெடியும் விஷமும் வேறு விஷயம். இரண்டும் 1897 மீன்வளச் சட்டப்படி குற்றம், அதில் சமரசமே வேண்டாம்.

அடுத்து, யார் பழங்குடி என்ற சிக்கல். மலையாளி என்ற மலைவாழ் சமூகம் சேலத்திலும் தருமபுரியிலும் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறது, ஈரோட்டில் இல்லை. அதனால் ஈரோட்டின் பர்கூர் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் "பிற பாரம்பரிய வனவாசி" என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு, 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டைச் சார்ந்து அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். 75 ஆண்டு நிலப் பத்திரம் கேட்டால் ஏமாறாதீர்கள். சட்டம் கேட்பது அங்கே வாழ்ந்ததற்கான ஆதாரத்தை.

ஆதாரம் என்றதும் மக்கள் தாசில்தார் அலுவலகத்துக்கு அலைய ஆரம்பிக்கிறார்கள். அலைய வேண்டாம். மீன்பிடி இடங்கள், தண்ணீர் எடுக்கும் இடங்கள், கோயில் காடு, ஆற்றோரப் புனித இடங்கள், சுடுகாடு என இந்தச் சட்டத்துக்கான விதிகளில் விதி 13 இவற்றையே ஆதாரமாக ஏற்கிறது. மனுதாரர் அல்லாத பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதிச் சேர்க்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட ஆதாரம் மட்டும் கட்டாயம். "இந்தக் காகிதம்தான் வேண்டும்" என்று எந்தக் குழுவும் அடம்பிடிக்க விதி 12ஏ இடம் தரவில்லை. செயற்கைக்கோள் படத்தில் தெரியவில்லை என்பதும் தள்ளுபடிக்குப் போதாது, அது மற்ற ஆதாரங்களுக்குத் துணை மட்டுமே.

கிராம சபை என்றால் ஊராட்சி முழுவதற்குமான கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். கீழ்நாட்டு ஊர்கள் நிறைந்த கூட்டத்தில் மலைக் குக்கிராமத்தின் குரல் எடுபடாது. குக்கிராம அளவில் கூட்ட வேண்டும் என்று மத்திய பழங்குடியினர் நல அமைச்சகம் 2012-லேயே வழிகாட்டியிருக்கிறது. உறுப்பினர்களில் பாதிப்பேர் வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். இந்தக் கணக்கு ஒரு ஆள் குறைந்தாலும் தீர்மானத்தைத் திருப்பி அனுப்பக் காரணம் கிடைத்துவிடும். வருகைப் பதிவேட்டில் பெண்கள் கையெழுத்தைத் தனியாக எண்ணிப் பார்த்துவிட்டே கூட்டத்தை முடியுங்கள்.

இனி ஆளைக் களைப்படைய வைக்கும் கட்டம். மனுவில் கேட்ட இடத்தை நேரில் பார்க்கும் கள ஆய்வுக்குத் தேதி கொடுத்தால் வனவர் வரமாட்டார். பிறகு மேலே, "துறைப் பிரதிநிதி இல்லாமல் ஆய்வு நடந்தது" என்று ஆட்சேபம் எழுதுவார்கள். இதற்கு விதி 12ஏ-இல் பதில் இருக்கிறது. அப்படி ஆட்சேபம் வந்தால் மனு மறு ஆய்வுக்குத் திரும்பும். இரண்டாவது முறையும் அவர்கள் வராவிட்டால் கள ஆய்வு பற்றிக் கிராம சபை எடுத்த முடிவே இறுதி. அதனால் இரண்டு முறையும் அழைப்புக் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, அலுவலக முத்திரையோடு நகல் வாங்குங்கள். போனில் சொன்னேன் என்றால் யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

"உங்க மனு ரிஜெக்ட் ஆயிடுச்சு" என்று வாசலில் வைத்து வாய்வார்த்தையாகச் சொன்னால் அதை ஏற்காதீர்கள். கிராம சபைத் தீர்மானத்தை மாற்றினாலும் நிராகரித்தாலும் விரிவான காரணம் எழுத வேண்டும், முடிவை நேரில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு. உட்கோட்டக் குழுவின் முடிவை எதிர்த்து, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகலாம். மாவட்ட வன அலுவலர் இந்த மாவட்டக் குழுவில் ஓர் உறுப்பினர் மட்டுமே. "அவர் சம்மதிக்கவில்லை" என்பது ஒரு காரணமே அல்ல.

பட்டா கிடைத்தால் யார் பெயரில் என்று முதலில் பாருங்கள். கிராம சபை பெயரில் இருக்க வேண்டும். வனத்துறை அமைத்த கிராம வனக் குழு பெயரில் இருந்தால் அன்றைக்கே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். ஓடையைக் காக்கும் குழுவை விதி 4-இன்படி கிராம சபைதான் அமைக்கும். அது போடும் மேலாண்மைத் திட்டத்தை வனத்துறையின் செயல்திட்டத்தோடு இணைக்க வேண்டும்.

அந்தத் திட்டத்தில் மீன் ஏறும் வழியை மறக்காமல் எழுதுங்கள். நீலகிரிப் பக்கத்து மோயாற்றில் இருக்கும் திமில் மஷீர் என்ற கெண்டை மீன் அழிவின் விளிம்பில் இருக்கிறது. மஷீர் வகை மீன்கள் முட்டையிட மழை வெள்ளத்தில் மேல்நோக்கி ஏறுபவை. ஆனால் ஓடைமேல் பாதை போடுகிறவர்கள் சிமெண்ட் குழாயைப் படுகைக்கு மேலே பதித்துவிடுகிறார்கள். சில மழைக்காலங்களுக்குள் குழாய்வாயின் கீழே மண் அரித்து, தண்ணீர் முழ உயரத்திலிருந்து கொட்டும். மீன் ஏற முடியாமல் அந்தக் குட்டையிலேயே சுற்றும். சிறு பாதை, சிறு நீர்நிலைக்குப் பிரிவு 3(2)-இன்படி வனநிலம் ஒதுக்கக் கிராம சபையின் பரிந்துரை கட்டாயம். பரிந்துரைக்கும் தீர்மானத்திலேயே "குழாயின் அடி ஓடைப் படுகைக்குக் கீழே இருக்க வேண்டும், தடுப்பணையில் மீன் ஏற வழி விட வேண்டும்" என்று நிபந்தனை போடுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் மதிப்பீடு முடிந்துவிட்டது என்பார்கள். வெற்றுத் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து கேட்டு வருபவர்களுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.