வில்லங்கம் இல்லை என்றால் வாரிசும் இல்லையா?

போன வாரமும் ஒரு தம்பதி வந்தார்கள். இந்த ஆண்டில் இதே கதையோடு என் மேஜைக்கு எதிரே உட்காரும் ஐந்தாவது குடும்பம். சென்னை அருகே முடிச்சூர் பக்கம் தனி வீடு, ஒன்றரை கிரவுண்டு, வாசலில் வேப்பமரம், பின்னால் கிணறு. பத்து லட்சம் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் வக்கீல் ஞாபகம் வந்திருக்கிறது. "முப்பது வருஷத்துக்கு ஈசி போட்டாச்சு சார், ஒரு வில்லங்கமும் இல்லை" என்று வில்லங்கச் சான்றிதழை நீட்டினார்கள்.

எத்தனை முறை சொல்வது! வில்லங்கச் சான்றிதழ் என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல். அவ்வளவுதான். கிரயம், அடமானம், குடும்பத்துக்குள் எழுதிக்கொடுக்கும் செட்டில்மென்ட், தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்று யாராவது போய்ப் பதிந்தால் அதில் ஏறும். ஒருவர் இறந்துபோனது ஏறாது. அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது ஏறாது. பதியாத உயில் ஏறாது. பாகம் கேட்டு மகள் போட்ட வழக்கும் பெரும்பாலும் ஏறாது. முப்பது வருடமாக அந்த வீட்டுக்கு யாரும் ஒரு பத்திரமும் பதியவில்லை என்பதுதான் அந்தத் தாள் சொல்லும் சேதி. அப்பா இறந்த பின்னும் பாகம் பிரியவில்லை என்று அதற்கு அர்த்தம். குடும்ப வீட்டின் ஈசி வெறுமையாக இருந்தால் எனக்குக் கவலைதான் வரும்.

பட்டாவும் அப்படித்தான். அது வருவாய்த் துறைப் பதிவேடு, உரிமைப் பத்திரம் இல்லை.

சரி, இந்த வீட்டுக்கு வருவோம். விற்கிற குடும்பத்தின் அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் 1986-இல் வாங்கியது. 1998-இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். நான்கு பேரும் கையெழுத்துப் போடத் தயார். பிறகென்ன பிரச்சினை? பாட்டி. மகன் இறந்தபோது அவர் உயிரோடு இருந்தார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு, அவருக்கும் ஐந்தில் ஒரு பங்கு. 2004-இல் பாட்டியும் உயில் இல்லாமல் போய்ச் சேர்ந்தார். தாத்தா அதற்கும் முன்பே இல்லை. பாட்டியின் பங்கு அவருடைய நான்கு பிள்ளைகளின் வழியே பிரிகிறது. இறந்த மகனின் பாகம் அவர் பிள்ளைகளுக்கு வந்துவிடும். மீதி, அதாவது மொத்த வீட்டில் 15 சதவீதம், இரண்டு அத்தைகளுக்கும் சித்தப்பாவுக்கும். அப்பாவின் வாரிசுச் சான்றிதழைப் பாட்டி இறந்த பிறகுதான் வாங்கியிருக்கிறார்கள், அதில் பாட்டி பெயரே இல்லை, அதனால் யாருக்கும் தோன்றவில்லை. (கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்குச் சட்டமும் கணக்கும் வேறு.)

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. தெருமுனை மளிகைக்கடைக்காரரிடம் பத்து நிமிடம் பேசியிருந்தால் போதும். அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், எந்தப் பெண் வேறு ஜாதியில் கல்யாணம் செய்துகொண்டு வீட்டுக்கு வராமல் போனாள், எந்த மகன் சிறு குழந்தையை விட்டுவிட்டு இறந்தான், எல்லாம் தெருவுக்குத் தெரியும். 2015 டிசம்பரில் வெள்ளம் எந்தப் படி வரை ஏறியது என்பதையும் அவரே காட்டுவார். இத்தனை பணம் போடுகிறவர்கள் வீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தரகரோடு மட்டும், வெயில் காலத்தில் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். மழைக்காலத்தில் போங்கள். தனியாகப் போங்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

தாய்ப்பத்திரத்தின், அதாவது சொத்து முன்பு கைமாறிய மூலப் பத்திரத்தின், அசலை கண்ணால் பாருங்கள். நகல் போதாது. இறந்தவர் ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்றிதழ் கேளுங்கள். இறந்த தேதியில் அவருடைய தாய் உயிரோடு இருந்தாரா என்று கேளுங்கள். வாரிசுகளில் மைனர் இருந்தால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் கார்டியன் போடும் கையெழுத்தை நம்பாதீர்கள். மேஜரான பின் அந்தப் பிள்ளை கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று யோசிக்காமல் கட்டுகிறீர்கள். அட்வான்ஸுக்கு முன் ஒரு வக்கீலிடம் பத்திரங்களைக் காட்ட மட்டும் ஏன் தயங்குகிறீர்கள்? என்னிடம்தான் வர வேண்டும் என்றில்லை. யாரிடமாவது காட்டுங்கள், தயவுசெய்து.

சித்தப்பாவும் சின்ன அத்தையும் விடுதலைப் பத்திரம் எழுதித்தர ஒத்துக்கொண்டுவிட்டார்கள். பெரிய அத்தைக்கு எழுபத்தெட்டு வயது, திருநெல்வேலியில் இருக்கிறார். இருபது வருடமாகத் தம்பி வீட்டிலிருந்து ஒரு போன்கூட வரவில்லையாம். மூத்த மகன் நேற்று ராத்திரி ரயில் ஏறியிருக்கிறார்.