ரிசார்ட் வேலையில் ஆஃப் சீசன்: உங்கள் சர்வீஸ் அறுந்துவிடுமா?

ஜூன் பிறந்து மழை பிடித்துவிட்டால் கேரளத்தின் குமுளியிலும் மூணாறிலும் ரிசார்ட் வேலைக்காரர்களின் போனுக்கு ஒரு செய்தி வரும்: "நாளையிலிருந்து வர வேண்டாம், புக்கிங் வந்ததும் கூப்பிடுறோம்." தேனி மாவட்டத்தின் கம்பம், கூடலூர், போடி பக்கத்திலிருந்து மலையேறி வந்து ஹவுஸ்கீப்பிங்கிலும் சமையலறையிலும் நிற்கிறவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். ஓணத்துக்கோ பூஜா விடுமுறைக்கோ திரும்ப அழைப்பு வரும்போது பாதிப் பேர் வேறு ரிசார்ட்டில் இருப்பார்கள், இல்லை திருப்பூரில் இருப்பார்கள்.

இப்படி விட்டுப் போவதற்குப் பின்னால் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. "ரெண்டு மாசம் நின்னுட்டா பழைய சர்வீஸ் கணக்கில் வராது, இனி எங்கே போனாலும் ஒண்ணுதான்" என்று பலரும் சொல்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

முதலில் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, வேலையை விடும்போது ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். "தொடர்ந்து" என்பதற்குச் சட்டம் கொடுக்கும் அர்த்தம்தான் இங்கே முக்கியம். ஒரு வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அந்த வருடம் முழு வருடமாகவே எண்ணப்படும். வாரத்தில் ஆறு நாளுக்கும் குறைவாக இயங்கும் இடமென்றால் 190 நாள் போதும். சம்பளத்தோடு எடுத்த விடுப்பும் பேறுகால விடுப்பும் இந்தக் கணக்கில் சேரும். ஆக, மழைக்கு இரண்டு மாதம் ஊருக்கு அனுப்பினாலும் மீதிப் பத்து மாதமும் ஒழுங்காக வேலை பார்த்தவருக்கு 240 நாள் தாண்டிவிடும்.

கணக்கு இப்படிப் போடுவார்கள்: கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தில் அடிப்படையையும் பஞ்சப்படியையும் எடுத்து, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்க வேண்டும். 15,000 ரூபாய் என்றால் ஐந்து வருடத்துக்கு 43,269 ரூபாய் வரும். ஒரு சீசன் டிப்ஸை நம்பி நாலாவது வருடம் இடம் மாறுகிறவர் விட்டுப்போகும் பணம் இதுதான். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்த முறைதான், 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. கூடுதலாக, இத்தனை மாதத்துக்கு என்று எழுதி ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவருக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உரிமை உண்டு என்று புதிய தொகுப்பு சொல்கிறது. வேலைக்கு எடுக்கும் எவருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பதும் இப்போது சட்டம். கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாதவர், வேலை பார்த்த வருடங்களை நிரூபிக்கவே அலைய வேண்டியிருக்கும்.

ஆஃப் சீசனில் அனுப்பும்போது சில இடங்களில் ஒரு வெள்ளைத்தாளை நீட்டுவார்கள். மேலே மலையாளத்தில் நாலு வரி, கீழே கையெழுத்துக்கு இடம். "எனக்குச் சேர வேண்டியதெல்லாம் வாங்கிக்கொண்டேன், பாக்கி எதுவும் இல்லை, நானாக விலகுகிறேன்" என்பதுதான் அந்த நாலு வரி. படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டவர்களும் மனம் உடைய வேண்டாம். சட்டம் தரும் பணிக்கொடையை இப்படி எழுதி வாங்கிப் பறிக்க முடியாது. ஆனால் "நானாக விலகுகிறேன்" என்ற வரி, இடைவெளியை ராஜினாமாவாகக் காட்டப் பயன்படும். வம்பு அங்கேதான் தொடங்கும்.

அடுத்தது இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீடு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு, பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் ஹோட்டல்களில் இது கட்டாயம். தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். நோய் வந்து படுத்தால் வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆனால் இங்கே ஆஃப் சீசன் நிஜமாகவே கடிக்கும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால்தான் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை அந்தத் தொகை வரும். ஏப்ரல், மே இரண்டும் சேர்ந்து 61 நாள்தான். ஜூனில் அனுப்பி அக்டோபரில் கூப்பிட்டால் உரிமை போய்விடும். செப்டம்பர் முதல் தேதியே சேர்த்துக்கொண்டால் 91 நாள் ஆகிவிடும். மேனேஜர்கள் இதை யோசித்து அழைப்புத் தேதியைக் கொஞ்சம் முன்னே தள்ளினால், பத்துப் பதினைந்து குடும்பங்களுக்கு அரை வருடப் பாதுகாப்பு நிற்கும்.

பேறுகாலத்துக்குக் கணக்கு வேறு: முந்தைய இரண்டு சந்தாக் காலத்திலும் சேர்த்து 70 நாள் இருந்தால் போதும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு.

நம் ஆட்களில் பலருக்குத் தெரியாத ஒரு வசதியும் இருக்கிறது. வேலை குமுளியில், குடும்பம் கம்பத்தில் என்றால், குடும்பத்துக்கு மட்டும் தனியாகத் தமிழ்நாட்டு இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியைப் பதிவு செய்யலாம். பதிவுப் படிவத்தில் உங்களுக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று என இரண்டு இடம் இருக்கும். அலுவலகத்தில் உள்ளவர் இரண்டிலும் ஒரே பெயரைப் போட்டுவிடுவார். நீங்கள்தான் சொல்லி மாற்ற வேண்டும்.

பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதி, இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்கு. நீங்கள் 12 சதவீதம், முதலாளி 12 சதவீதம், அவர் பங்கில் 8.33 பென்ஷனுக்குப் போகும். ரிசார்ட் மாறினாலும் உங்கள் பி.எஃப். அடையாள எண்ணான யூ.ஏ.என். ஒன்றுதான். புது இடத்தில் அதே எண்ணைக் கொடுங்கள். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் பணத்தை முழுக்க எடுத்துவிடுகிறவர்கள் பத்து வருட சர்வீஸ் சேராமல் மாதப் பென்ஷனை இழக்கிறார்கள். பதிவு செய்த போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு குறுஞ்செய்தியில் வரும். சம்பளச் சீட்டில் பிடித்ததும் கணக்கில் ஏறியதும் ஒன்றா என்று பாருங்கள். கான்ட்ராக்டர் மூலம் எடுக்கப்பட்டவர்களும் தைரியமாகக் கேட்கலாம். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் பொறுப்பு ரிசார்ட்டின் தலையில்தான் விழும்.

உட்காரும் உரிமையையும் சொல்லியாக வேண்டும். கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்கள் போராடியதன் பலனாக, கேரளம் 2018-இல் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி உட்கார இடம் கொடுப்பதைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு 2021-இல் பின்தொடர்ந்தது. ரிசப்ஷனில் எட்டு மணி நேரம் நின்றபடி சிரிக்கும் பெண்ணுக்கு ஒரு நாற்காலி போடுவது தயவு அல்ல. வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறையும், கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலியும் அதே கேரளச் சட்டத்தில் வருகின்றன. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும். தொல்லை கொடுத்தவர் தங்க வந்த விருந்தினராக இருந்தாலும் புகார் கொடுக்க நிர்வாகம் துணை நிற்க வேண்டும்.

முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. நல்ல ஆட்கள் நிற்பதில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். ஒரு ரூமை முப்பது நிமிடத்தில் திருப்பிக் கொடுக்க ஹவுஸ்கீப்பிங்கும் லாண்டரியும் ரிசப்ஷனும் ஒருவர் கையை மற்றவர் அறிந்திருக்க வேண்டும். வருடா வருடம் ஆள் மாறினால் அந்தக் கூட்டு வேலை எங்கிருந்து வரும்? 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் குறிஞ்சி சீசனே மூணாறில் கைவிட்டுப் போனது. அப்படிப்பட்ட வருடங்களைத் தாண்டி ஓர் ஆள் உங்களிடம் திரும்பி வர வேண்டுமானால், இடைவெளிக்கு முன்பே "திரும்ப வேலைக்கு வர வேண்டிய தேதி" எழுதிய கடிதம் ஒன்றைக் கையில் கொடுங்கள். செலவில்லாத காகிதம், ஆனால் ராஜினாமா இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

பணிக்கொடை வராவிட்டால், வேலையை விட்ட 30 நாளுக்குள் முதலாளிக்கு எழுத்தில் கேளுங்கள். தாமதமானாலும் உரிமை போகாது, காரணம் எழுதினால் போதும். பிறகு கேரளத் தொழிலாளர் துறையில் முறையிடலாம். மனு மலையாளத்தில்தான் இருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினால் ஏற்காதீர்கள். கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969 தமிழ்ச் சிறுபான்மையினருக்கு ஒரு உரிமை தந்திருக்கிறது: மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில்தான் வர வேண்டும். மனுவின் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்கிவிட்டு அலுவலகத்தை விட்டு வெளியே வாருங்கள்.