வீடியோ அனுப்பினால் போதுமா? தளர்ந்த முதியவர்களுக்குத் தொலைவிலிருந்து உடற்பயிற்சி

"நல்ல வீடியோவாப் பாத்து ஒண்ணு அனுப்பிவிடுங்க சார், அம்மா பாத்துச் செஞ்சுக்குவாங்க." வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பிசியோதெரபிஸ்டிடம் வழக்கமாகக் கேட்பது இதுதான். நான் அனுப்புவதில்லை. எழுந்து நிற்கவே தடுமாறும் ஒருவருக்கு, யாரையோ மனதில் வைத்து எடுத்த வீடியோ ஒன்று ஆபத்தாக இருக்கும், அல்லது உப்புச்சப்பில்லாமல் இருக்கும். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

"வயசானா அப்படித்தான்" என்று வீட்டில் சொல்லிவிடுகிற பல விஷயங்களுக்கு மருத்துவத்தில் உடல் தளர்ச்சி என்று பெயர். லிண்டா ஃபிரைட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் 2001இல் இதற்கு ஐந்து அடையாளங்களைச் சொன்னார்கள்: முயற்சி செய்யாமலே எடை குறைவது, எப்போதும் அசதி, கைப்பிடி பலம் குறைவது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. மூன்று இருந்தால் தளர்ச்சி; ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் வாசலில் நிற்கிறார் என்று கணக்கு. இதைத் தடுக்கவும், ஓரளவு திருப்பவும் நம் கையில் இருக்கும் பலமான மருந்து உடற்பயிற்சி.

தொலைவிலிருந்து இதைச் செய்ய முடியுமா என்ற சந்தேகம் நியாயமானது. நியூசிலாந்தின் ஒட்டாகோ திட்டத்தைப் பாருங்கள். தொண்ணூறுகளில், வீடியோ காலே இல்லாத காலத்தில் வந்தது. பிசியோ சில முறை வீட்டுக்குப் போய்ப் பயிற்சியைக் கற்றுக்கொடுப்பார், இடையில் போனில் விசாரிப்பார். கால் பலத்துக்கும் சமநிலைக்கும் வாரம் மூன்று நாள், சுமார் அரை மணி நேரம், அதோடு நடை. கீழே விழுவது 35 சதவீதம் குறைந்தது. சாதாரணத் தொலைபேசியை வைத்தே அவ்வளவு செய்திருக்கிறார்கள். ஆனால் முதலில் வீட்டுக்கு நேரில் போனார்கள் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

நேரில் போக முடியாதபோது என் முதல் வீடியோ காலில் பயிற்சியே இருக்காது, வீட்டைத்தான் பார்ப்பேன். பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்த போனில் முகமும் மின்விசிறியும் மட்டும் தெரியும். அதை முக்காலி மேல் வைத்து, தலையிலிருந்து பாதம் வரை தெரியும்படி எட்டடி தள்ளச் சொல்வேன். அப்புறம் நாற்காலி. நம் வீடுகளில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வழவழப்பான டைல்ஸில் பின்னால் நழுவும். குறிப்பாக உட்காரும்போது கவனம் வேண்டும். கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். தரையைத் தொடும் நைட்டி, தடுக்கும் வேட்டி, சாக்ஸ், மிதியடி எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டும். சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவர் வெறுங்காலோடு செய்யக்கூடாது. பின்பட்டை உள்ள செருப்பு வேண்டும். கடைசியாக, பாத்ரூமுக்குப் போகிற வழியைக் காட்டச் சொல்வேன். விழப்போகிற இடம் பாதி நேரம் அங்கேதான் இருக்கும்.

இனி என் முக்கியமான புகாருக்கு வருகிறேன். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில், எங்கள் ஆட்களே பயிற்சியை மிக லேசாகக் கொடுத்துவிடுகிறோம். உட்கார்ந்தபடி கையைத் தூக்கி இறக்கு, கணுக்காலைச் சுழற்று, மூச்சை இழுத்து விடு. மாதக்கணக்கில் இதைச் செய்தாலும் தொடையில் பலம் ஏறாது. 1990இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரை உள்ளவர்களுக்கு எட்டு வாரம் கடுமையான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். சிறிய ஆய்வுதான், பத்துப் பேர். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தசைக்கு வயது தெரியாது, சுமை தெரியும்.

வீட்டில் சுமை ஏற்ற ஜிம் தேவையில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு கையும் ஊன்றி. பிறகு ஒரு கை. பிறகு கையை மார்பில் கட்டி. அது சுலபமானால், நான்கு எண்ணி மெதுவாக உட்காருவது. அதுவும் சுலபமானால் குஷனை எடுத்துவிட்டு உயரத்தைக் குறைப்பது, அடுத்து ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொள்வது. கடைசி இரண்டு முறை எழும்போது முகத்தில் சிரமம் தெரிய வேண்டும், ஆனால் வலி கூடாது. எண்ணிக்கையை அவர்களே சத்தமாகச் சொல்லச் சொல்வேன். மூச்சை அடக்கமாட்டார்கள், பேச முடியாத அளவுக்கு இரைத்தால் எனக்கும் இங்கிருந்தே தெரிந்துவிடும்.

பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். கணவரோ, மருமகளோ, வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவோ, யாராக இருந்தாலும் சரி, பலம் குறைந்த பக்கத்தில் அரையடி பின்னால் நிற்க வேண்டும். பக்கவாதம் வந்தவரைக் கையைப் பிடித்து இழுத்தோ அக்குளில் கைகொடுத்தோ தூக்குவது நம் ஊரில் பாசத்தோடு நடக்கும் கெடுதல். பலமிழந்த தோள் மூட்டு அதில் இறங்கிவிடும், வலி மாதக்கணக்கில் போகாது. இடுப்பில் பெல்ட்டோ, இறுக்கிக் கட்டிய துண்டோ இருந்தால் அதைப் பிடிக்கலாம்.

சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு முதலில் பிரேக்கைப் பாருங்கள். பிறகு கைப்பிடியை அழுத்தி உடலைத் தூக்கும் பயிற்சி. கைக்குப் பலம், புண் வராமல் புட்டத்துக்கும் ஓய்வு. தோள் வலிக்கத் தொடங்கினால் முன்பக்கம் சாய்ந்து எடையை மாற்றச் சொல்லிவிடுவேன். காது மந்தமானவரிடம் போனில் கத்திப் பயனில்லை. நான் செய்து காட்டுவேன், உடன் இருப்பவர் தொட்டுச் சொல்வார்.

எல்லோருக்கும் இது சரிவராது. புதிதாக மயக்கம், நெஞ்சுவலி, காரணம் தெரியாத விழுதல், சமீபத்திய அறுவை சிகிச்சை இருந்தால் மருத்துவர் நேரில் பார்த்த பிறகுதான் எதுவும். படுத்திருந்து எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் ரத்த அழுத்தம் 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால், நின்று செய்யும் பயிற்சியைத் தள்ளிவைத்து மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். இன்சுலின் போடுபவர் வெறும் வயிற்றில் செய்யவே கூடாது.

பெங்களூரில் இருக்கும் மகன், திரையில் அப்பா விழுவதைப் பார்த்து 108 அழுத்தினால் அது கர்நாடக மையத்துக்குத்தான் போகும். அதனால் பக்கத்து வீட்டு எண், முழு முகவரி, கதவின் இன்னொரு சாவி யாரிடம் என்பதெல்லாம் முதல் நாளே என் நோட்டில் ஏறிவிடும். பயிற்சி நேரத்தில் உள்தாழ்ப்பாள் போடக்கூடாது.

செலவு தாங்காதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பிசியோ சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. பிசியோ வந்து போகும் நாட்களுக்கு இடையில் போனில் தொடர்ந்தால், ஒட்டாகோவில் செய்ததற்கு நெருக்கமாக வந்துவிடுவோம்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை: கையை மார்பில் கட்டி, 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து நிற்கிறார்? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அளவுப்படி 75 முதல் 79 வயதுப் பெண்ணுக்கு 10க்குக் கீழே, ஆணுக்கு 11க்குக் கீழே என்றால் விழும் அபாயம் உண்டு. முதல் நாள் எண்ணைக் காலண்டரில் எழுதி வையுங்கள். ஒழுங்காகச் செய்தும் எட்டு வாரத்தில் அது அசையவில்லை என்றால், முதலில் பிசியோவிடம் சுமையை ஏற்றினாரா என்று கேளுங்கள். ஏற்றியும் அசையவில்லை என்றால் சாப்பாட்டில் புரதம், தைராய்டு, ரத்தசோகை, பி12, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.