கபூக் சுவருக்குச் சீமெந்து பூசாதீர்கள்

போன வாரம் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு. இந்த வருடம் இதே முறைப்பாட்டோடு என்னைக் கூப்பிட்ட ஆறாவது வீடு. ஓட்டுக் கூரை, தேக்குத் தூண் வைத்த விறாந்தை, ஒன்றரை அடித் தடிப்பில் கபூக் சுவர், அதாவது செம்பூரான் கல்லை வெட்டிக் கட்டியது. இடுப்பளவுக்கு ஈரம் ஏறி, பெயின்ற் கொப்பளித்து, கை வைத்தாலே பூச்சு பொலபொலவென்று கொட்டியது.

"வீடு பழசாப்போச்சு தம்பி. உடைச்சுப்போட்டு பிளட்ஸ் கட்டக் குடுக்கப்போறம்" என்றார் வீட்டுக்கார ஐயா.

பழசானதால் இல்லை. நாலு வருடத்துக்கு முன்பு பூசிய சீமெந்தால்.

"சீமெந்துதானே பலம்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனை தரம் சொல்வது! அது கொங்கிறீற்றுக்குப் பலம். கபூக் கல் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் விட்டுவிடும். சுண்ணாம்புச் சாந்து அதற்கு வழிவிடும். மேலே சீமெந்தை அப்பினால் உள்ளே போன தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. சுவருக்குள்ளேயே மேலே ஏறும். கடற்கரை ஊரில் அதோடு உப்பும் ஏறும். பூச்சுக்குப் பின்னால் உப்பு இறுகிக் கல்லை மாவாக்கிவிடும். ஈரத்தைக் கண்டதும் திரும்பவும் சீமெந்து, அதற்கு மேல் தண்ணீர் புகாத பெயின்ற்!

நம்பாதவர்கள் வுல்பெண்டால் தேவாலயத்தைப் போய்ப் பாருங்கள். 1757இல் ஒல்லாந்தர் திறந்தது, கபூக்கும் சுண்ணாம்பும். இன்று நாம் பூசும் போட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை எடுத்ததே 1824இல்தான்.

உயர்ந்த கட்டடங்களுக்கு நான் எதிரியில்லை. கோட்டை மதில்களை 1869 அளவில் இடிக்கத் தொடங்கிய நகரம் இது. 1997இல் 40 மாடியில் உலக வர்த்தக மையம் வந்தது, இப்போது தாமரைக் கோபுரம் 350 மீற்றருக்கு நிற்கிறது. ஆனால் நல்ல சுவரை நாமே கெடுத்துவிட்டு, வயது போய்விட்டது என்று இடிப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

முதலில் கூரைத் தண்ணீர் ஓடும் பீலியைப் பாருங்கள், பாதி ஈரம் அங்கிருந்துதான் வருகிறது. முற்றத்துக்குக் கொங்கிறீற் போட்டு நிலத்தை உயர்த்தியிருந்தால் சுவரோரம் ஒரு அடியை வெட்டி எடுங்கள். சீமெந்துப் பூச்சை உளியால் மெதுவாகக் கழற்ற வேண்டும். மின்சாரத்தில் உடைக்கும் பிரேக்கர் பிடித்தால் கல்லும் சேர்ந்து வரும். சுவர் காய மாதக்கணக்காகும், காயவிடுங்கள். பிறகு சுண்ணாம்பும் மணலும், மேலே சுண்ணாம்பு வெள்ளை. அவசரப்படுத்தும் மேசனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இருப்பவர்களிடம் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். பக்கத்துக் காணியில் பைலிங் (அத்திவாரத் தூண்களை நிலத்துக்குள் இறக்கும் வேலை, அதிர்வில் சுவர் வெடிக்கலாம்) தொடங்குமுன் ஒவ்வொரு சுவரையும் திகதியோடு படமெடுத்து, இருக்கிற வெடிப்புகளை அளந்து எழுதி, ஒப்பந்தக்காரரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். வெடிப்பு முந்தியதா பிந்தியதா என்று காட்ட முடியாமல் ஒரு அம்மா என் மேசைக்கு முன்னால் அழுதிருக்கிறார்.

கொட்டாஞ்சேனை ஐயா ஒரு மழைக்காலம் பொறுக்கச் சம்மதித்திருக்கிறார். திங்கட்கிழமை விறாந்தைச் சுவரில் மூன்றடிக்குப் பூச்சைக் கழற்றுகிறோம்.