வீட்டுச் சாப்பாடுதான் டாக்டர்!

இந்த வாரத்தில் இப்படி என்னிடம் வந்த பிள்ளைகளில் இது நான்காவது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒன்பது வயதுப் பையன், தனியார் பள்ளி, ஒரு மாதமாக வயிற்றுவலி. மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறான். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கிறது. ஹீமோகுளோபின் 9.4. இந்த வயதில் 11.5-க்குக் கீழே இறங்கினாலே ரத்தசோகைதான். என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டேன். "வெளிச் சாப்பாடே கிடையாது டாக்டர், கேன்டீன் பக்கமே விடறதில்ல, எல்லாம் வீட்டுச் சாப்பாடுதான்" என்றார் அம்மா. பள்ளி விட்டு நேராக வந்திருந்தார்கள், பை பையன் மடியிலேயே இருந்தது. திறக்கச் சொன்னேன். பெரிய டப்பாவில் பாதி தின்ற நூடுல்ஸ், ஆறிக் கட்டியாகி டப்பாவின் வடிவத்திலேயே நின்றது. சின்ன டப்பாவில் கிரீம் பிஸ்கட் தூள். தண்ணீர் பாட்டில் முக்கால்வாசி அப்படியே.

அம்மா பொய் சொல்லவில்லை. அதை வீட்டு அடுப்பில்தான் செய்தார். வீட்டில் செய்தால் அது சத்தான சாப்பாடு என்று யார் சொன்னார்கள்? மைதாவுக்கு நம் வீட்டு அடுப்பைப் பார்த்தால் புத்தி வந்துவிடுமா? ஒரு பாக்கெட் நூடுல்ஸின் உப்பு அந்தப் பிள்ளையின் ஒரு நாள் அளவில் கிட்டத்தட்டப் பாதி. அதை ஓட்டல்காரர் கிளறினாலும் நீங்கள் கிளறினாலும் அதே உப்புதான். பிரெட்டில் நீங்களே உங்கள் கையால் தடவினாலும் ஜாம் சர்க்கரைப் பாகுதான், சாக்லேட் ஸ்பிரெட் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் முதல் பெயரே சர்க்கரைதான். கையில் சுத்தம் இருக்கிறது, பாசம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாசத்தில் இரும்புச்சத்து இல்லை அம்மா. வாரத்தில் மூன்று நாள் தயிர் சாதமும் உருளை சிப்ஸும் போகும் டப்பாவும் இதே கணக்குதான்.

அதே நாள் சாயங்காலம் பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் நான்காவது படிக்கும் பெண்ணைப் பாட்டி கூட்டிவந்தார். சளி, வேறொன்றுமில்லை. மதியம் என்ன சாப்பிடுகிறாள் என்றதும் பாட்டி வெளியே உட்கார்ந்திருந்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "சத்துணவுதான் சார்" என்றார். காமராஜர் 1956-இல் ஆரம்பித்து, எம்.ஜி.ஆர். 1982-இல் பெரிதாக்கி, 2022-இலிருந்து காலையிலும் சாப்பாடு போடுகிற மாநிலத்தில் இன்னமும் அதைக் குசுகுசுத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பெண்ணின் தட்டில் என்ன விழுகிறது என்று பாருங்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு மதிய உணவில் 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய் என்பது மத்திய அரசின் அளவு. 450 கலோரி, 12 கிராம் புரதம் வரவேண்டும். இங்கே அதற்கு மேல் பள்ளி நாளெல்லாம் முட்டை, ஒவ்வொன்றிலும் சுமார் 6 கிராம் புரதம். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். கொண்டைக்கடலை புலாவும் மசாலா முட்டையும் ஒரு தட்டில் வந்தால் எந்த டப்பாவும் அதன் பக்கத்தில் நிற்காது. குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். சாம்பார் நீர்த்துப் போகிற நாளும் உண்டு, காய் கண்ணில் படாத நாளும் உண்டு. அதைக் கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். கேவலமாகப் பேசாதீர்கள்.

தனியார் பள்ளி கேன்டீன் பஃப்ஸுக்கும் சமோசாவுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020-லேயே விதி வந்துவிட்டது. பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றி மட்டுமே கேட்டால் பஃப்ஸ் விற்கத்தான் செய்யும்.

அம்மாக்களை மட்டும் திட்டுவதாக நினைக்க வேண்டாம். ஏழேகாலுக்கு வேன் வந்து நின்று ஹாரன் அடிக்கிறது, சில பள்ளிகளில் குழம்பு கொட்டும் என்று "டிரை ஐட்டம்" மட்டும் கேட்கிறார்கள், சாப்பிடக் கிடைப்பது இருபது நிமிடம். அப்பாக்கள் இந்தப் பேச்சுக்கே வருவதில்லை. இன்னொன்று, பள்ளிக் கழிவறை நாறுவதால் பிள்ளைகள் தண்ணீரே குடிப்பதில்லை. என்னிடம் வரும் மலச்சிக்கலில் பாதி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தினமும் ஒரு பயறோ முட்டையோ டப்பாவில் இருக்கட்டும், ராத்திரியே கடலையை ஊறப்போட்டால் காலையில் குக்கர் பார்த்துக்கொள்ளும். கீரையைப் பருப்போடு கடைந்து சாதத்தில் பிசைந்துவிடுங்கள், எலுமிச்சம்பழம் பிழிந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். வீடு வந்ததும் டீ கொடுக்காதீர்கள், பிள்ளைக்கு எதற்கு டீ? ராத்திரி சமையல் மேடையிலேயே கிடந்த சோற்றைக் காலையில் தாளித்து அனுப்பவே கூடாது, அதில் கிருமி வளர்ந்து நஞ்சு விட்டிருந்தால் எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அப்புறம், டப்பா மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்துப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பூஞ்சை, தேய்த்துக் கழுவுங்கள், போகவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

அடுத்த தடவை என்னிடம் வரும்போது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு அன்றைய டிபன் பாக்ஸையும் கொண்டுவாருங்கள். கழுவாமல்.